'செட்டில்டு' என்றால் கடன் தீர்ந்தது என்று பொருளல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடன் பாக்கியைப் பேசி முடித்துக்கொள்ளச் சொல்லும் வங்கிகள், அந்த முடிவு நமது கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் எப்படிப் பதிவாகும் என்பதையும் வாடிக்கையாளருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காரைக்குடியில் சிறிய ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன். 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டதால் கடை படுத்துவிட, ஒரு வங்கியில் வாங்கியிருந்த தனிநபர் கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 62,000 ரூபாய் பாக்கிக்கு 40,000 கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று வசூல் பிரிவிலிருந்து சொன்னார்கள். மனைவியின் வளையல்களை விற்றுக் கட்டினேன். அவர்கள் கொடுத்த கடிதத்தைப் பூஜை அலமாரியில் பத்திரப்படுத்தி, கடன் தீர்ந்தது என்றே நம்பியிருந்தேன்.

பின்னர் வேறொரு வங்கியில் வீட்டுக் கடன் கேட்டபோது, அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் கணக்குக்கு நேராக 'செட்டில்டு' என்றிருந்தது. அதன் கீழே மாதத்துக்கு ஒரு கட்டமாக, தவணை தாமதமான நாட்கள் 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போயின. வங்கிகளின் கணக்கில் 'செட்டில்டு' என்றால் முழுத்தொகையும் வராமல் விட்டுக்கொடுத்த கடன். பாக்கி முழுவதையும் கட்டியவருக்கே 'குளோஸ்டு' என்று பதிவாகும். 300 முதல் 900 வரை செல்லும் சிபில் மதிப்பெண்ணில் எனக்கு 600கூட இல்லை. "இத்தனை நாள் இதைப் பார்க்கவே இல்லையா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய வங்கிக்கே சென்று, விட்டுக்கொடுத்ததாகச் சொன்ன 22,000 ரூபாயையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கினேன். அதன் பிறகும் பதிவு மாறாததால் புகார் கொடுத்தேன். இத்தகைய புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகே என் புகார் நகர்ந்தது.

கணக்கின் நிலை மாறினாலும், தாமத நாட்களைக் காட்டும் பழைய கட்டங்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. 'சிபில் சரிசெய்து தரப்படும்' என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தபோது 5,000 ரூபாய் கேட்டார்கள். உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது என்பதால் அது பணம் பறிக்கும் வேலையே. நான் செய்தது வேறு. 20,000 ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கி, காகிதக் கட்டும் டோனரும் மட்டும் அதில் எடுத்து, 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டி மீதிக்கு வட்டி ஏறவிடும் வலையில் விழாமல் பில் முழுவதையும் கெடு நாளுக்கு முன்பே கட்டி வருகிறேன். பதினான்கு மாதங்களில் மதிப்பெண் 700-ஐத் தாண்டியது. வீட்டுக் கடனுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அவசரப்பட்டு நாலைந்து இடங்களில் கேட்டால், ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் ஏறிவிடும். நமது அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் உள்ள ஏற்பாடு; எனக்கோ அது அந்த அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது.

நகைக் கடன் வட்டியைத் தமிழில் பெரிதாக எழுதி வைக்கும் வங்கிக் கிளைகளுக்கு, "இத்தொகையைக் கட்டினால் கணக்கு 'செட்டில்டு' என்றே பதிவாகும், மீதியையும் கட்டினால் 'குளோஸ்டு' என மாற்றித் தரப்படும்" என்று கடிதத்தில் இரண்டு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. வாடிக்கையாளர் பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வரிகளைப் படித்துக் கையெழுத்திடும்படி ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.