இந்த ஐபியைக் கொடுத்தது யார்?

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இணையச் சேவை நிறுவனத்தில் பழைய பில்லிங் மென்பொருளைக் கைவிட்டுப் புதியதற்கு மாறிவிட்டாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் சந்தோஷம். எக்செல் தாளில் ஐபி கணக்கு வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஆனால் மாறியதிலிருந்து நிலையான ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, வாங்கிய வாடிக்கையாளர் சிலருக்கு மென்பொருள் திரையில் ஒரு முகவரியும் இணைப்பில் வேறு முகவரியும் இருக்கிறது என்கிறாயே, அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், மென்பொருளில் ஐபி பெட்டியை அழித்து, திரும்ப எழுதி, சேமித்துப் பார்க்கும் வேலையை நிறுத்திவிடு. அந்தப் பெட்டி சொல்வது நீ என்ன கேட்டாய் என்பதை மட்டும்தான். அதற்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நுழைபவர் யார் என்று சரிபார்த்து அனுமதி தரும் ரேடியஸ் சர்வர் இருக்கிறது, அதைத் தாண்டி, வாடிக்கையாளர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணையும் பிபிபிஓஇ ரவுட்டர் இருக்கிறது. முகவரியை எது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். அதனால் ஏன் தப்பாக வந்தது என்று யோசிப்பதற்கு முன்னால், இதைக் கொடுத்தது யார் என்று கண்டுபிடி. ஒரே ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள். மென்பொருளில் உள்ள ஐபி, ரேடியஸ் அனுப்பிய ஆக்சஸ்-அக்செப்ட் என்ற அனுமதிப் பாக்கெட்டில் உள்ள ஐபி, ரவுட்டரில் இப்போது ஓடும் செஷனின் (இணைப்பின்) ஐபி, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுது. எந்த இரண்டுக்கு நடுவில் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

ஆக்சஸ்-அக்செப்டைப் பார்ப்பது கஷ்டமில்லை. ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் மென்பொருளை மைனஸ் எக்ஸ் (-X) போட்டு ஓட்டினால் எல்லாம் தெரியும். ஆனால் அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் சேவையை நிறுத்த வேண்டும், பகலில் அது வேண்டாம். ஓடும் சேவைக்குக் கட்டளை அனுப்ப உதவும் கன்ட்ரோல் சாக்கெட் இயங்குகிறதென்றால் ராட்டீபக் (raddebug) கட்டளையால் ஒரு பயனரை மட்டும் சேவையை நிறுத்தாமலே கவனிக்கலாம். இல்லாவிட்டால் யூடிபி 1812 போர்ட்டில் பாக்கெட்டைப் பிடித்துப் பார். கடவுச்சொல்தான் மறைக்கப்பட்டிருக்கும். ஃப்ரேம்டு-ஐபி-அட்ரஸ் என்ற 8-ஆம் எண் ஆட்ரிபியூட், அதாவது ஐபியைச் சுமக்கும் புலம், அப்படியே படிக்கக் கிடைக்கும்.

உன் நிலைமையில் எனக்கு முதல் சந்தேகம் ரவுட்டர் மேல்தான். மைக்ரோடிக் ரவுட்டர் பிபிபி பயனரை, அதாவது பிபிபிஓஇ வழியே வருபவரை, முதலில் தன்னிடமே தேடும். அங்கே சீக்ரெட் பட்டியலில், அதாவது ரவுட்டரிலேயே பதிந்த பயனர் கணக்குகளில், அந்தப் பெயர் இல்லாவிட்டால்தான் ரேடியஸிடம் கேட்கும். பழைய முறையில் கையால் போட்ட சீக்ரெட்டுகள் ரவுட்டரில் மிச்சமிருந்தால், புதிய மென்பொருளில் நீ என்ன எழுதினாலும் அந்த வாடிக்கையாளரை அது எட்டாது. சரிபார்க்க எளிய வழி உண்டு. இப்போது இணைந்திருப்பவர்களைக் காட்டும் பிபிபி ஆக்டிவ் பட்டியலில் ரேடியஸ் வழியே வந்த செஷனுக்கு முன்னால் ஆர் (R) என்ற குறி இருக்கும். குறி இல்லையென்றால் அவர் உள்ளூர் சீக்ரெட்டில் நுழைந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த சீக்ரெட்டை அழித்துவிடாதே. முடக்கி வை, செஷனைத் துண்டி, மறுபடி வரும்போது ஆர் குறி வருகிறதா என்று பார். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு அழிக்கலாம்.

ஆர் குறி இருந்தும் ஐபி தப்பாக இருந்தால் பாக்கெட்டுக்குத் திரும்பு. ஃப்ரேம்டு-ஐபி-அட்ரஸே அதில் இல்லையென்றால் ரவுட்டர் தன் ப்ரொஃபைலில் (அமைப்புத் தொகுப்பில்) உள்ள பூலிலிருந்து, அதாவது பொது முகவரித் தொகுப்பிலிருந்து, கொடுத்துவிடும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: அந்த இடத்தில் 255.255.255.254 இருக்கலாம். பார்வைக்குச் சப்நெட் மாஸ்க் போல இருக்கும் அந்த மதிப்புக்கு, ரேடியஸின் தர ஆவணமான ஆர்எஃப்சி 2865 கொடுக்கும் பொருள், "ரவுட்டரே, நீயே ஒன்றைத் தேர்ந்தெடு" என்பது. ஐபி பெட்டி காலியாக இருந்தால் இதை அனுப்பும்படி அமைத்த டெம்ப்ளேட் ஏதாவது இருக்கிறதா பார். முகவரிக்குப் பதிலாகப் பூலின் பெயரைச் சொல்லும் ஃப்ரேம்டு-பூல் அனுப்பினால், அதில் உள்ள பெயர் ரவுட்டரில் உள்ள பூலின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

ரேடியஸ் தன் விவரங்களை வைத்திருக்கும் எஸ்கியூஎல் (தரவுத்தள) அட்டவணைகளில் ஒரு நுணுக்கமான தப்பு நடக்கும். ஃப்ரீரேடியஸ் முதலில் ராட்ரிப்ளையில் உள்ள தனிநபர் வரிகளைச் சேர்க்கும், பிறகு ராட்குரூப்ரிப்ளையில் உள்ள குழு வரிகளைச் சேர்க்கும். குழு வரியில் ஆபரேட்டர் வெறும் சமக்குறியாக இருந்தால், ஏற்கெனவே உள்ள மதிப்பை அது தொடாது. முன்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்ந்த சமக்குறியாக இருந்தாலோ, இருப்பதைத் தள்ளிவிட்டுத் தன் மதிப்பை வைக்கும். திட்டத்தின் குழுவில் யாரோ ஃப்ரேம்டு-ஐபி-அட்ரஸை அப்படி எழுதி வைத்திருந்தால், அந்தத் திட்டத்தில் நிலையான ஐபி வாங்கிய ஒவ்வொருவருக்கும் அது பறிபோகும். தப்பு ஒரு திட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் வருகிறதா என்று முதலில் பார். ஆமென்றால் தனிநபர் பதிவுகளைக் கிளறாதே, நேராகக் குழுவுக்குப் போ. ஒரே பயனருக்கு ராட்ரிப்ளையில் பழைய ஐபிக்கு ஒன்று, புதிய ஐபிக்கு ஒன்று என்று இரண்டு வரிகள் கிடப்பதும் மென்பொருள் மாற்றத்துக்குப் பின் சகஜம்.

பணம் கட்டியும் "நிறுத்தி வைக்கப்பட்டவர்" பூலிலேயே தொங்கும் வாடிக்கையாளர்கள் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே பதிவு சரியாகத்தான் இருக்கும், செஷன்தான் பழையது. ஓடும் செஷனின் ஐபியை, அதன் அமைப்பை நடுவில் மாற்றச் சொல்லும் கோஏ பாக்கெட்டால் மைக்ரோடிக்கில் மாற்ற முடியாது. வேகத்தை மாற்றலாம், ஐபி, பூல், ரூட் எதையும் மாற்ற முடியாது. இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும். அதற்கான டிஸ்கனெக்ட் பாக்கெட் யூடிபி 3799 போர்ட்டுக்கு வரும். ரவுட்டரில், இத்தகைய பாக்கெட்டை ஏற்கும் ரேடியஸ் இன்கமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும், ஃபயர்வால் விட வேண்டும், அனுப்பும் சர்வரின் முகவரியும் ரகசியச் சொல்லும் ரவுட்டரில் பதிந்ததோடு ஒத்துப்போக வேண்டும். புதிய மென்பொருள் வேறு சர்வரில் இருந்தால் பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தில்தான் தடுக்கும். பதிலாக 503 என்ற பிழை எண் வந்தால், மென்பொருள் சொல்லும் செஷன் ரவுட்டரில் இல்லை என்று பொருள். பழைய செஷன் எண்ணை வைத்துக்கொண்டு அது துண்டிக்கப் பார்க்கிறது.

அந்தப் பழைய செஷன்களால் வேறு ஒரு கெடுதலும் உண்டு. ரவுட்டர் திடீரென்று மின்சாரம் போய் அணைந்தால் செஷன் முடிந்ததைச் சொல்லும் ஸ்டாப் பாக்கெட் வராது. செஷன்களைப் பதியும் ராட்அக்ட் அட்டவணையில் முடிவு நேரம் காலியாகவே நிற்கும், மென்பொருளும் அந்த ஐபி இன்னும் பயனில் இருப்பதாக நினைக்கும். செஷன் இன்னும் ஓடுகிறது என்று ரவுட்டர் சொல்லும் இன்டரிம் அப்டேட்டை 600 விநாடிக்கு ஒருமுறை வை. மூன்று முறை தொடர்ந்து வராத செஷனை, அதாவது 30 நிமிடம் மௌனமாக இருப்பதை, முடிந்ததாகக் குறித்துவிடு. குறித்துவிடு என்றுதான் சொல்கிறேன், வரியை அழித்துவிடாதே. எந்த நேரத்தில் எந்த ஐபி யாரிடம் இருந்தது என்று யாராவது சட்டப்படி கேட்டால், உன் கையில் உள்ள ஒரே சாட்சி அந்த வரிகள்தான். எல்லா ரவுட்டர்களின் கடிகாரமும் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியோடு சேர்ந்திருக்கிறதா என்றும் பார். நேரம் பிசகிய பதிவு, சம்பந்தமில்லாத வீட்டைக் காட்டிக்கொடுக்கும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

ஐபி பூலை ரேடியஸே நிர்வகித்தால், லீஸ் காலம் (ஒரு முகவரி ஒருவருக்கு ஒதுக்கப்படும் காலம்) இன்டரிம் இடைவெளியை விட நன்றாக நீளமாக இருக்க வேண்டும். இரண்டும் 600 விநாடி என்று வைத்தால் ஒரு பாக்கெட் தொலைந்தாலே போதும், வாடிக்கையாளர் இணைப்பில் இருக்கும்போதே அவருடைய முகவரி காலியானதாகக் கணக்காகி இன்னொருவருக்குப் போய்விடும். 3600 வைத்துக்கொள். அப்போது சில பாக்கெட்டுகள் தொலைந்தாலும் தாங்கும்.

ஒரே முகவரி இருவருக்குப் போக இன்னொரு காரணம், நிலையான ஐபிகளைப் பூலின் எல்லைக்குள்ளேயே வைப்பது. 203.0.113.0/24 (203.0.113.0 முதல் 203.0.113.255 வரை) உன்னுடையது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டருக்கும் நிலையானவற்றுக்கும் கடைசி எண் 1 முதல் 63 வரை ஒதுக்கினால், பூல் 64-இல்தான் தொடங்க வேண்டும். ரேடியஸ் தனியாகக் கொடுத்தது ரவுட்டரின் பூலுக்குத் தெரியும் என்று நம்பாதே. இரண்டு பிபிபிஓஇ ரவுட்டர் இருந்தால், உள்ளூர் பூல்களும் தனித்தனி எல்லையில் இருக்க வேண்டும்.

டிஎச்சிபி வழியே, அதாவது தானாக முகவரி பெறும் முறையில், இணையும் வீடுகளுக்கு வருகிறேன். வீட்டு ரவுட்டரை மாற்றியதும் மேக் (கருவியின் வன்பொருள் எண்) மாறிவிடும், பதிவில் பழையதே இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேக் சரியாக இருந்தும் பொருந்தவில்லையென்றால், கருவி டிஎச்சிபி பாக்கெட்டின் ஆப்ஷன் 61-இல் தனி அடையாளம் அனுப்புகிறதா என்று பார். சர்வர் மேக்கை விட்டுவிட்டு அதையே நம்பும். முகவரி முன்பதிவை மாற்றினால் உடனே மாறிவிடாது, கருவி லீஸில் பாதி கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும். ஒரு நாள் லீஸ் என்றால் 12 மணி நேரம். எனவே பெரிய மாற்றத்துக்கு முந்தின நாளே லீஸைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடு. உனக்குச் சொந்தமே இல்லாத 192.168 முகவரி யாருக்காவது வந்தால், பதில் பாக்கெட்டின் ஆப்ஷன் 54-ஐப் பார், கொடுத்த சர்வரின் முகவரி அதில் இருக்கும். பெரும்பாலும் யாரோ தன் ரவுட்டரின் லேன் போர்ட்டில் உன் கேபிளைச் செருகியிருப்பார். ஸ்விட்சில், அந்நிய டிஎச்சிபி சர்வரின் பதிலைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டால் அதோடு தீர்ந்தது.

புதிய வகை முகவரியான ஐபிவி6 பற்றி இப்போது எழுதவில்லை. அதன் ப்ரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) தனி ஆட்ரிபியூட்டில் போகிறது, ஐபிவி4 சரியானதால் அதுவும் சரியாகிவிடாது என்பதை மட்டும் நினைவில் வை.

கோளாறுள்ள வாடிக்கையாளர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடு, முடிந்தால் வெவ்வேறு திட்டத்தில் உள்ளவர்களாக. ஒவ்வொருவருக்கும் ஆக்சஸ்-அக்செப்ட் பாக்கெட், பிபிபி ஆக்டிவ் வரி, ராட்அக்டின் கடைசி இரண்டு வரி, இவற்றை எனக்கு அனுப்பு. கடவுச்சொற்களையும் ரேடியஸ் ரகசியச் சொல்லையும் மறைத்துவிடு. உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்