நான்கு நாளுக்கு நான்கு அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் வாழ்த்து அட்டைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிவகாசியில் அச்சான அட்டைகளைப் பற்றியும், அவற்றை வாங்கக் கடைகளில் நின்ற கூட்டத்தைப் பற்றியும் எழுதியிருந்தது அத்தனையும் சரி. ஆனால், அந்த வழக்கம் இனித் திரும்பாது என்று முடித்திருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கடை அட்டை திரும்பாமல் போகலாம். வீட்டில் செய்யும் அட்டை திரும்பும், பிள்ளைகளுக்குச் செய்முறையைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தால்.

நான் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே அஞ்சல் பிரிவில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஈரோட்டில் இருக்கிறேன். அரையாண்டு விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளும் தெருப்பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் அட்டை செய்கிறார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் புதிதாக யோசிக்கச் சொன்னால் பிள்ளைகள் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள். முதல் அட்டையில் மணி, ஜிகினா, ஸ்டிக்கர் எல்லாம் ஏறிவிடும். மூன்றாவது அட்டை வெறும் எழுத்தோடு நின்றுவிடும். அதனால் தனி அட்டையாக இல்லாமல் ஒரு தொகுப்பாகச் செய்ய வேண்டும் என்கிறேன். தாள், அளவு, நிறம், கரை இந்த நான்கையும் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் போதும். அப்புறம் படமும் வாசகமும் மட்டும்தான் மாறும்.

பொங்கலுக்கு இது தானாகவே அமைகிறது. நான்கு நாள், நான்கு அட்டை. எங்கள் கொங்குப் பக்கத்தில் முதல் நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டி நிலைப்படியில் செருகுவோம். தொகுப்புக்கான நிறங்கள் அந்தக் கொத்திலேயே இருக்கின்றன. வேப்பிலையின் பச்சை, ஆவாரம்பூவின் மஞ்சள், பூளைப்பூவின் வெள்ளைக்குத் தாளே போதும். கரைக்கு மட்டும் கோலத்தின் காவியைச் சேர்த்துக் கொள்கிறோம். இரண்டாவது அட்டையில் பானையும் மஞ்சள் கொத்தும். மஞ்சள் விளையும் ஊரில் இருந்துகொண்டு அதை விட முடியுமா? மூன்றாவது பட்டிப் பொங்கல். கொம்புக்குக் காவி பூசிய காங்கேயம் காளை. நான்காவது பூப்பறிக்கும் நோம்பி. பெண்பிள்ளைகள் கூடையோடு போவதை வரைய எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கிறது.

ஏ4 அளவில் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம்) தடித்த தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு அட்டை கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் நடுவில் மடித்தால் அகலம் 105 மி.மீ., உயரம் 148 மி.மீ. கடையில் கிடைக்கும் சி6 உறை 114-க்கு 162. அதற்குள் இது தாராளமாகப் போகும். தாளுக்கும் நார் ஓட்டம் உண்டு. அதன் போக்கிலேயே மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்கும் முன் மை தீர்ந்த ரீஃபிலை இரும்பு ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுத்தால் சீரான பள்ளம் விழும். இதைச் செய்யாமல் கையால் மடித்த தடித்த தாள் மடிப்பில் பிளந்து, கிழிந்தது போல் தெரியும்.

கரைதான் நான்கையும் ஒரே குடும்பமாக்குகிறது. அட்டையின் அடியில் ஒரு வரிசைப் புள்ளி வைக்கிறோம். இடது ஓரத்திலிருந்து ஏழரை மி.மீ. தள்ளி முதல் புள்ளி, பிறகு 15 மி.மீ.க்கு ஒன்று. ஏழாவது புள்ளிக்குப் பின் வலது ஓரத்திலும் அதே ஏழரை மி.மீ. மிஞ்சும். புள்ளிகளைச் சுற்றி ஓடும் கம்பி, அதாவது கோலக்கோடு, ஒரே உயரத்தில் அட்டையை விட்டு வெளியேறினால், பக்கத்தில் அடுத்த அட்டையை வைத்ததும் கோலம் அறுபடாமல் தொடரும். நான்கையும் வரிசையாக வைத்தால் ஒரு நீளக் கோலம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் நான்கு ஊரில் இருந்தால் ஆளுக்கொன்று அனுப்புங்கள். பொங்கலுக்கு ஊர் கூடும்போது எடுத்து வந்து சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே அட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

வேலையையும் தொகுப்பாகவே செய்ய வேண்டும். எல்லாத் தாளையும் முதலில் வெட்டி முடித்து, அப்புறம் எல்லாவற்றையும் மடித்து, அப்புறம் எல்லாவற்றிலும் புள்ளி வைக்க வேண்டும். காவியை நான்கு அட்டைக்கும் போதுமான அளவு ஒரே மூடியில் ஒரே தடவையில் கலக்க வேண்டும். குறைந்தது என்று மறுபடி கலந்தால் அந்த நிறம் வரவே வராது. ஆவாரம்பூவுக்கு அஞ்சு இதழ். அஞ்சு பட்டை உள்ள வெண்டைக்காயாகப் பார்த்துக் குறுக்கே நறுக்கி, மஞ்சளில் தொட்டு ஒற்றினால் நல்ல பூவாகவே விழுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைத்தான் கொடுக்கிறேன்.

மணி, பொத்தான், சிப்பி ஒட்டாதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கெஞ்சுகிறேன். தபால்தலை மேல் முத்திரை விழும் அடி சாதாரண அடி அல்ல. உள்ளே மேடாக ஒரு மணி இருந்தால் உறை அந்த இடத்தில் கிழியும். கிழிந்த உறையிலிருந்து ஜிகினா கொட்டி, பை முழுக்கப் பரவுவதை வேலையில் இருந்தபோது பலமுறை பார்த்திருக்கிறேன். ஆசையாகச் செய்த அட்டை அலங்கோலமாகப் போய்ச் சேருமே என்று அப்போதெல்லாம் மனம் கஷ்டப்படும். பச்சைப் பூவை ஒட்டுவதும் வேண்டாம், ஈரம் கறையாகிவிடும். நான் சொன்ன அட்டை எட்டு கிராம், உறை நான்கைந்து கிராம். கடிதக் கட்டணத்தின் முதல் படி 20 கிராம். அதற்குள் நிற்கிறது.

உறையும் தொகுப்பில் சேர்ந்ததுதான். கருநீலம், அடர் சிவப்பு உறைகளில் முகவரி கண்ணுக்கே தெரியாது. வெளிர் நிற உறையில் மூடியின் ஓரத்தில் மட்டும் அந்தக் காவிக் கம்பியை ஓட்டினால் போதும், உள்ளே இருக்கும் அட்டையோடு சேர்ந்துவிடும். பின்கோடு இல்லாமல் அனுப்பாதீர்கள். 1972-இல் வந்த அந்த ஆறு இலக்கத்தில் முதல் மூன்றை வைத்துத்தான் கடிதம் எந்த மாவட்டத்துப் பைக்குப் போக வேண்டும் என்று பிரிப்போம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை தொடங்கும் வாரத்தில், சிறுவர் பக்கத்தில் இந்தப் புள்ளி வரிசையை 105 மி.மீ. அகலத்தில், அளவு மாறாமல் அச்சிட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் அதை வெட்டித் தாளின் மேல் வைத்து ஊசியால் குத்திக் குறித்துக்கொள்வார்கள். ஸ்கேல் பிடிக்கத் தெரியாத சிறுவர்களுக்கும் அளவு தப்பாது. கூடவே, ஜனவரி முதல் வாரத்துக்குள் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். காப்புக்கட்டும் நாளுக்கு முன் அட்டை போய்ச் சேர அந்த அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஈரோடு.