ஐப்பசி மழைக்கு முன் கூரை: தொழுநோயாளர் இல்லத்துக்காக வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்குத் தோத்திரம்.

நம் சபை பராமரிக்கும் இல்லத்தில் இன்று 14 பேர் இருக்கிறார்கள். ஆண்கள் பகுதியின் ஓட்டுக் கூரை போன மழையிலேயே மூன்று இடத்தில் இறங்கிவிட்டது. மதிப்பீடு 8,40,000 ரூபாய். கையில் இருப்பது 5,15,000. மீதி 3,25,000 ரூபாய் செப்டம்பர் 30-க்குள் வேண்டும்.

"நோய்தான் குணமாகிவிட்டதே, இல்லம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. 1995 முதல் அது இலவசமாகவே கிடைக்கிறது. இவர்களிடமிருந்து இனி யாருக்கும் தொற்றாது. ஆனால் மருந்துக்கு முன்பே செத்த நரம்பு திரும்பி வராது. காலில் ஆணி ஏறினாலும் தெரியாது, புண் எலும்பு வரை போய்விடும். அதனால்தான் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பும், தினமும் பாதத்தை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவதும். குணமாகி ஊருக்குப் போனவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. தொழுநோயைச் சொல்லி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டப் பிரிவே 2019-ல்தான் நீங்கியது.

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய காலம் அது. பஸ்ஸில் ஏற்ற மறுத்தவர்களை நம் பாட்டன்மார் மாட்டு வண்டி கட்டி அங்கே கூட்டிப்போனார்கள். ஊர் விலக்கிவைத்தபோதும் வண்டி நிற்கவில்லை. அந்த வண்டிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நான்கு முறை ஏலம் எடுத்து நான்கு முறையும் திருப்பிக் கொடுத்த வாலிபர் சங்கத்தார், வாரந்தோறும் பிடியரிசி சேர்த்த பெண்கள் ஐக்கிய சங்கம், உண்டியலோடு வந்த ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், மகன் திருமணப் பந்தலைச் சுருக்கி 50,000 ரூபாய் தந்து பெயர் வேண்டாம் என்ற குடும்பம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

ஒன்றை வருத்தத்தோடு எழுதுகிறோம். மாசியில் இல்லத்துத் தாத்தா ஒருவர் காலமானபோது பெட்டி தூக்க நம் சபையிலிருந்து ஆறு பேரே வந்தோம். அதே வாரம் ஆலயக் கோபுரத்தின் வண்ண விளக்குக்குக் கேட்ட பணம் ஒரே நாளில் சேர்ந்தது. மாற்கு முதல் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். "சுத்தமாகு" என்று சொல்வதற்கு முன்பே இயேசு கையை நீட்டி அந்தத் தொழுநோயாளியைத் தொட்டுவிடுகிறார்.

காணிக்கைக் கவரில் "கூரை" என்று எழுதிப் போடுங்கள். ரசீது சபை அலுவலகத்தில் கிடைக்கும். கொடுக்க இயலாதவர்கள் சனிக்கிழமை காலை இல்லத்துக்கு வாருங்கள். புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆள் தேவை, சொல்லித் தருகிறோம்.

இப்படிக்கு,
இல்லப் பராமரிப்புக் குழுவினர்