அட்டையில் எழுதிக் காட்டிய சிஸ்டருக்கு

2021 மே, கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே காத்துக் கிடந்து ஆச்சியைச் சேர்த்தோம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு வெறும் 86 சதவீதம். "வயசு எண்பதைத் தாண்டியாச்சு, இனிமே எதுக்கு இப்படி அலையுறீங்க" என்று சொன்னவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வார்டுக்குள் எங்களை விடவில்லை. ஆச்சிக்குக் காது மந்தம், எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். எல்லோரும் முகக்கவசத்தில் இருந்தால் அவர் என்ன செய்வார்? பதில் வராததால் வயசாகி நினைவு தப்பிவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள்.

நீங்கள்தான் சிஸ்டர், யாரும் சொல்லாமலே அதைக் கண்டுபிடித்து, மருந்துப் பெட்டி அட்டையைக் கிழித்து, "ஆச்சி, குப்புறப் படுங்க, மூச்சு நல்லா வரும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினீர்கள். அப்புறம் சாப்பிட்டீங்களா, எங்க வலிக்குது, பேரன் வெளியேதான் இருக்கான் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அந்தக் கவச உடைக்குள் வேர்த்து வழிய, அத்தனை நோயாளிகளுக்கு நடுவில், இதற்கு உங்களுக்கு எப்படி நேரம் கிடைத்தது?

ஆச்சி பிழைத்து வந்துவிட்டார். உங்கள் பேரும் தெரியாது, முகமும் தெரியாது. இதைப் பார்த்தால் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள் சிஸ்டர், உங்களுக்குத் தன் கையால் சமைத்துப் போடணும் என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.