அலுமாரி செத்த கதை

கல்லடி
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

உன் அலுமாரி செத்துப்போச்சு. சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்து இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவுதான்.

நீ லண்டனில் இருக்க, கிழமைக்கு ஒருக்கால் உன் வீட்டைத் திறந்து காற்றாட விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். ஐப்பசி வரைக்கும் சொன்னபடி செய்தேன். மறுகா மழை பிடித்தது, வயல் வேலை வந்தது, சின்னவனுக்குச் சோதனை. உண்மையைச் சொன்னால் சோம்பல். போன வெள்ளி திறந்தபோது பூஞ்சண மணம் மூக்கில் அடித்தது. பின் யன்னலால் இறங்கின தண்ணீர் அறைக்குள் நின்று வற்றியிருக்கிறது, சுவரில் கோடு தெரிந்தது. அலுமாரியின் அடிப்பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதிக் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த, மரம் போலக் கோடு போட்ட தாள் உரிந்து தொங்கியது. கதவை மெல்லத்தான் இழுத்தேன், பிணைச்சல் ஸ்குரூவோடு கையில் வந்தது. ஸ்குரூ இருந்த ஓட்டையை விரலால் கிண்டினால் புட்டு மா.

'மரம்தானேடா, தட்டிப் பார்' என்று கடையில் வைத்து நீ தட்டிக் காட்டினது ஞாபகமா? அது எம்.டி.எஃப், மரத்தை நாராக்கிப் பசையோடு சூட்டில் அழுத்தின பலகை. காய்ந்த அறையில் அது நல்ல பிள்ளை. வளையாது, வெடிக்காது. தண்ணீர் குடித்தால்தான் பிரச்சினை. ஊதினது ஊதினதுதான், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீட்டைக் கட்டி, வருடத்தில் பதினொரு மாதம் பூட்டி வைக்கிற உனக்கு அது பொருந்தாது. பிழை பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. பாதிக் காசை நான் தருகிறேன். சரி, கால்வாசி.

இதை மர வேலை செய்கிற ஆரையம்பதி ஓடாவியாரிடம் சொல்லப் போனேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். உன்னுடைய அடுத்த திட்டத்தையும் சொன்னேன், லண்டனில் இருந்து ஓக் சாப்பாட்டு மேசையைக் கொண்டெய்னரில் அனுப்பப்போகிறாய் என்று. 'பலகை அங்கே எந்தளவு காய்ந்திருக்கு?' என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்கத்தான் அந்தக் கேள்வியின் பெறுமதி விளங்கியது. நீங்கள் மாரியில் ஹீட்டர் போட்டு வாழ்கிற வீட்டில் மரத்தின் ஈரம் 8 வீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடும். இங்கே மாரிக் காற்றில் அதே மரம் 15 வீதத்தையும் தாண்டும். மரம் நீளத்துக்கு விரியாது, அகலத்துக்குத்தான் விரியும். ஒரு மீட்டர் அகல மேசைப் பலகை ஒன்றரை, இரண்டு சென்ரிமீட்டர் கூட அகலும். கீழே குறுக்குச் சட்டத்தில் அசையாமல் பூட்டியிருந்தால் அது வில்லாக வளையும், அல்லது சட்டத்தைப் பிளக்கும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் மேசையைக் கவிழ்த்து ஸ்குரூ ஓட்டைகளைப் பார். நீட்டு ஓட்டையாக, பலகை நகர இடம் விட்டிருந்தால் அனுப்பு. வட்ட ஓட்டை என்றால் அங்கேயே வைத்துச் சாப்பிடு.

வீட்டுக்கு உள்ளே வைக்கிற சாமானுக்கு நான் சொல்வது பலா, அல்லது வேம்பு. வேம்பில் கறையான் இலேசில் வாய் வைக்காது. பலா வெட்டின புதிதில் மஞ்சள், பிறகு தேன் நிறத்துக்கு வரும். ஆனால் பலாவை நினைத்தவுடன் வெட்ட முடியாது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் 1951 இல் இருந்தே சட்டம் இருக்கிறது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் மாமியின் வளவுப் பலாவுக்கு அனுமதி எடுக்க அவ பிரதேச செயலகத்துக்கு நடந்த நடையைக் கேட்டால் நீ அழுவாய். முதிரை கேட்டாய். அழகுதான், பட்டுப் போல மினுங்கும். விலையை நான் எழுதவில்லை, நீ நெஞ்சு வருத்தக்காரன். அதைச் சீவும்போது பறக்கிற தூள் பட்டால் ஓடாவியாருக்கு இரண்டு நாள் கையெல்லாம் சொறி. 'முதிரை வேலைக்குக் கூலியோடு களிம்புக் காசும் தரவேணும்' என்கிறார்.

விறாந்தைக்குத்தான் தலைவெடிப்பு. ஆடி ஆவணியில் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து வறுக்கும். கார்த்திகை மார்கழியில் சாரல் உள்ளே வரும். உப்பு எல்லா நாளும். குண்டன் தன் வீட்டுக்கு வாங்கின வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள் இரண்டு வருடத்தில் சுண்ணாம்பு பூசினது போல ஆயிற்று. இருந்து எழும்பினால் காற்சட்டையில் வெள்ளை. வெயில் பிளாஸ்டிக்கைத் தின்கிற அடையாளம் அது. பிறகு ஒருநாள் கால் மடிந்து குண்டன் நிலத்தில். நாங்கள் சிரித்தோம் என்பதை அவனுக்குச் சொல்லாதே.

பிரம்பு போலப் பின்னின கதிரைகள் வருகின்றன, பாசிக்குடா விடுதிப் பக்கமெல்லாம் அதுதான். அசல் பிரம்பு வெளியில் நில்லாது, நனைந்து கறுக்கும். இது பொலிஎதிலீன் பின்னல். வெயில் தாங்குகிற மருந்து கலந்தது என்றால் பல வருடம் நிற்கும். நீ பின்னலைப் பார்க்காதே, உள்ளே இருக்கிற சட்டத்தைப் பார். காந்தம் ஒட்டினால் இரும்பு, வாங்காதே. கீறல் விழுந்த இடத்தில் உப்பு புகுந்து, பின்னல் புதிதாக இருக்கவே உள்ளே துரு தின்றுவிடும். அலுமினியம் எடு. ஸ்குரூவுக்கு 316 துருப்பிடியா உருக்கு என்று இலக்கத்தைச் சொல்லிக் கேள். 304 மலிவு, ஆனால் கடற்காற்றில் தேத்தண்ணி நிறத்தில் கறை பிடிக்கும்.

தேக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வைரம், அதாவது மரத்தின் முற்றின நடுப்பாகம், பார்த்து எடுக்க வேண்டும். இளந்தேக்கை அறுத்து விற்கிறார்கள், பாதி வெள்ளை, அதாவது முற்றாத வெளிப்பாகம். எண்ணெய்ச் சத்து வைரத்தில்தான், வெள்ளையை உளுப்பூச்சி தின்னும். வார்னிஷ் அடிக்கச் சொல்லாதே. வெயிலில் அது வெடித்து, வெடிப்பால் தண்ணீர் இறங்கி உள்ளேயே நிற்கும். சும்மா விடு, சாம்பல் நிறமாகும், அது நரைதான், நோயில்லை. உன் தலையைப் பார்.

அப்பாவின் சாய்மனைக் கதிரை உனக்குத் தெரியும். நீயும் நானும் அதில் ஒன்றாக ஏறி இருந்து அடி வாங்கின கதிரை. பூவரசு. 78 சூறாவளியில் கூரை போன இரவுக்குப் பிறகும் அது முற்றத்தில் கிடந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. அதுவும் போன மாதம் சரிந்தது. பழைய மரம் என்றால் சாகாது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான், அதனால் கவிழ்த்துப் பார்த்தேன். மரக் குடுமி வைத்துப் பூட்டின இடமெல்லாம் கல் மாதிரி. பின் கால் ஆடுகிறது என்று நான் சிக்கனம் பார்த்து அடித்த இரும்பாணியைச் சுற்றித்தான் கறுத்து, உக்கி, பிளந்திருந்தது. கால் நுனியும் போயிருந்தது. சீமெந்துத் தரையில் நிற்கிற ஈரத்தை வெட்டுமுகம் உறிஞ்சும், விளக்குத் திரி மாதிரி. அப்பா இருந்த காலத்தில் நான்கு கால்களுக்கும் கீழே சிரட்டை வைத்திருந்தார். எறும்புக்கு என்று நினைத்து நான்தான் எடுத்து எறிந்தேன்.

ஓடாவியார் காலை வெட்டிப் புதுத் துண்டு பொருத்தித் தருகிறார். அப்பாவின் கதிரை என்று வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் எனக்குக் காசு குறைத்துவிட்டார்.

இப்போது வேலைக்கு வருவோம். மேசையின் அகலம், ஓட்டையின் படம், இரண்டையும் அனுப்பு. அலுமாரிக்கு வேம்பு பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அறுத்து அடுக்கிக் காய ஆவணி ஆகும், அவசரப்படுத்தாதே. கால்களை நிலத்தில் இருந்து நான்கு அங்குலம் தூக்கி வைக்கிறேன். செத்த அலுமாரியின் கதவு ஒன்று மட்டும் தப்பியது. கோழிக்கூட்டுக்கு வைத்தேன், இரண்டு நாளில் கோழி கொத்தித் தள்ளிவிட்டது.

சாவி என்னிடம்தான். யன்னல் விளிம்புக்குச் சீமெந்து பூசியாயிற்று. இந்தக் கடிதம் எழுதுவதும் உன் வீட்டில் இருந்துதான், எல்லா யன்னலும் திறந்திருக்கிறது. நம்பாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேள்.

அன்புடன்,
கட்டையன்