வன்னியில் புண்ணாற்றத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்பான உறவுகளுக்கு,

வன்னி ஊர்களில் ஆறாத புண்களுக்கு மருந்து கட்டும் நாங்கள் இம்மடலை எழுதுகிறோம். எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது எல்லோருக்கும் விளங்கவேண்டும். ஆகையால் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறோம்.

முதல் நன்றி, வைத்தியரின் துண்டில்லாமல் வந்து "நாலு குளிசை தாங்கோ" என்றவர்களைத் திருப்பி அனுப்பிய மருந்துக்கடைக்காரருக்கு. ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்டஃபைலோகொக்கஸ் கிருமி சும்மா குடியிருக்கிறது. மண்வெட்டி பட்டோ முள்ளுக் குத்தியோ தோல் கிழிந்தால் உள்ளே இறங்கிவிடும். அதைக் கொல்லும் பெனிசிலின் வகை மருந்தான மெதிசிலின் பாவனைக்கு வந்தது 1959இல். அதற்கு அடங்காத கிருமியை 1961இலேயே இங்கிலாந்தில் கண்டுவிட்டார்கள். பெனிசிலின் வகை மருந்து போய் ஒட்டவேண்டிய புரதத்துக்குப் பதிலாக, மருந்து ஒட்டாத வேறொரு புரதத்தை இக்கிருமி வைத்திருக்கிறது. அதே வகை மருந்தான குளொக்சசிலினை எவ்வளவு கூட்டினாலும் அது சாகாது. அரைகுறையாக விழுங்கும் குளிசை மற்றக் கிருமிகளைக் கொன்று இதற்கு இடம் விட்டுக்கொடுக்கும்.

மருந்து கட்டும் அறைத் தாதியருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். மேலே நிற்கும் சீழைத் தொட்டெடுத்தால் பரிசோதனை பிழைக்கும். அதில் செத்த கலங்களும் தோலில் வாழும் வேறு கிருமிகளும்தான் அதிகம். நீங்கள் புண்ணை உப்புநீரால் கழுவி, சுத்தமான தசையில் ஒரு சதுர சென்ரிமீற்றர் இடத்தில் பஞ்சுக்குச்சியை 5 விநாடி அழுத்திச் சுழற்றி எடுத்தீர்கள். அதுவும் அன்டிபயோட்டிக் தொடங்கமுன். ஆய்வுகூடத்தார் வளர்த்த கிருமியின்மேல் செஃபொக்சிற்றின் என்ற மருந்து வில்லையை வைத்து, சுற்றிக் கிருமி வளராத வட்டம் 21 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்று அளந்து சொன்னார்கள். அப்படியென்றால் அது மெதிசிலினுக்கு அடங்காத கிருமி. முடிவு வர இரண்டு மூன்று நாள் செல்லும். பொறுத்திருந்த நோயாளருக்கும் நன்றி.

சீழ்க்கட்டியைப் பிதுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தவர்களே, நீங்கள் செய்தது மிகச் சரி. கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் அதற்கு முதல் வைத்தியம். சீழுக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. புண்ணைச் சுற்றிய சிவப்பின் விளிம்பில் பேனையால் கோடு போட்டு, கோட்டைத் தாண்டியதும் இரவென்றும் பாராமல் ஏற்றிவந்த ஓட்டோக்காரத் தம்பிமாருக்கு எப்படி நன்றி சொல்வது? குளிர்நடுக்கக் காய்ச்சல் என்றால் கிருமி இரத்தத்தில் ஏறியிருக்கலாம். அங்கிருந்து எலும்புக்கும் இதய வால்வுக்கும் போகலாம். பிறகு வன்கோமைசின் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றி, சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டு பல நாள் படுக்கவேண்டிவரும். நீரிழிவுள்ளவர் கோடு தாண்டும்வரையும் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் மருந்து கட்டிய அம்மாமாரே, கட்டை அவிழ்க்கமுன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவினீர்கள். 1 லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 9 கிராம் உப்பை அளந்து போட்டு, மிஞ்சியதை அன்றே ஊற்றினீர்கள். துவாயையும் சவர அலகையும் ஆளுக்காள் மாற்றவிடவில்லை. வீட்டில் அடுத்தவருக்குத் தொற்றாமல் காத்தது இவைதான்.

கடைசியாக, பொய்க்கால் போடும் உறவுகளுக்கு. வெட்டிய காலின் மிஞ்சிய தண்டில் சிறு உரசல் கண்டதும் பொய்க்காலைக் கழற்றிவைத்து, தண்டுக்குப் போடும் உறையைத் தினமும் தோய்த்து வெயிலில் காயவிட்டு, தண்டு இறங்கும் பொய்க்காலின் குழிக்குள்ளும் சவர்க்காரநீரால் துடைத்தீர்கள். வயல் வேலை நடக்கும் நாளில் காலைக் கழற்றிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நாள்களில் உங்கள் வரம்பையும் சேர்த்துக் கட்டிய அயலவருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
வன்னியில் புண் பராமரிப்பில் பணிசெய்வோர்