பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

திருச்சி
வெள்ளிக்கிழமை, ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஒழுகல் இன்னும் அடைபடவில்லை. கீழ்வீட்டு ஆச்சி உன்னைக் கேட்டார்கள். வேறு விசேஷம் இல்லை.

பொங்கலன்று பேசினோம். அதற்கப்புறம் நீ அனுப்புவதெல்லாம் "பிஸிம்மா" என்ற ஒரு சொல்லும் ஒரு கட்டைவிரல் படமும்தான். போன் போட்டால் மறுபடியும் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. காகிதத்தில் என்றால் அடித்துவிட்டு எழுதலாம். இதுவரை மூன்று தாள் கிழித்தாயிற்று.

லீட்ஸ் அண்ணன் போன வாரம் பேசினான். அவன் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. நீ சாப்பிடுகிறாயா? வாடகை எல்லாம் சரியாகப் போகிறதா? இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அறைச் சுவரில் ஈரம் இறங்கியதால் அலமாரியைக் காலி செய்தேன். ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்த ஜானி மார் எழுதின அவருடைய சொந்தக் கதைப் புத்தகம் ஓரம் நனைந்திருந்தது. வெயிலில் உலர்த்தி எடுத்து, சும்மா புரட்டலாம் என்று உட்கார்ந்தேன். நாளைக்கு ஐந்தாறு பக்கம், பக்கத்தில் அகராதி. முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பதினாறு வயதில் நீ சுவரில் ஒட்டியிருந்தாயே, நெற்றியை முடி மறைத்த ஒல்லிப் பையன், அவர்தான் என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது. 2019-ல் நான் வந்திருந்தபோது, கொட்டுகிற மழையில் சால்ஃபோர்டு லாட்ஸ் கிளப் என்ற செங்கல் கட்டடத்துக்கு முன்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தாய். "இது என்ன கோயிலா?" என்று கேட்டேன். "எனக்குக் கோயில்தாம்மா" என்றாய். ஸ்மித்ஸ் நாலு பேரும் அதே வாசலில் நின்று எடுத்த படம் உன் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தது. அதையும் உலர்த்தி வைத்திருக்கிறேன்.

அவரும் பிழைக்கப் போன வீட்டுப் பிள்ளை என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே. அயர்லாந்தில் கில்டேர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அப்பா அம்மா. அப்பாவுக்குச் சாலை தோண்டிக் கேஸ் குழாய் பதிக்கிற வேலை. 1963-ல் மான்செஸ்டரில் ஆர்ட்விக்கில் பிறந்து விதன்ஷாவில் வளர்ந்திருக்கிறார். வீட்டுப் பெயர் மாஹர். அதே ஊரில் அதே பெயரில் இன்னொரு குழுவில் ஒரு டிரம்ஸ்காரர் இருந்ததால் மார் என்று எழுத்தை மாற்றிக்கொண்டாராம். பதினெட்டு வயதில், 1982-ல், ஸ்ட்ரெட்ஃபோர்டில், பின்னால் ஸ்மித்ஸின் பாடகரான மோரிஸ்ஸியின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருக்கிறார். பாட்டு எழுதுகிறவர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்ட ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. அந்தத் தைரியம் உன்னிடமும் உண்டு. தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ விமானம் ஏறிய அன்றைக்கு நான் அழுதது பயத்தில் மட்டும் இல்லை. பெருமையிலும்தான். அதை உன்னிடம் சொன்னதில்லை.

படிக்கப் படிக்கப் பாட்டையும் கேட்டேன். அப்பாவின் போனில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு, சமையல் முடிந்தபிறகு. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பாடுகிறவரை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்தேன். நம் காதுக்கு அது சுலபம்தானே. மொத்தமாக அடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். கொத்தாக வரவேண்டிய சுரங்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக உதிர்த்து, பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு நெய்துகொண்டே போகிறார். பாடுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு சின்னப் பிடி. அவர் மறுபடி எடுத்ததும் ஒதுங்கிக்கொள்கிறார். நடுவில் தனியாக நின்று தன் கைவரிசையைக் காட்டுகிற ஆசையே அவருக்கு இல்லை. பாப்பா, இது பக்கவாத்திய தர்மம் இல்லாமல் வேறென்ன?

1984-ல் பதிவான 'ஹவ் சூன் இஸ் நவ்' பாட்டை நாலு நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆரம்பத்தில் ஒரு நடுக்கம் வருகிறதே, கம்பிதம் மாதிரி, ஆனால் கை செய்கிற கம்பிதம் இல்லை. ஒரே வாசிப்பை ஒன்றுக்கு மேற்பட்ட ஆம்ப்ளிஃபயர்களுக்குள் விட்டு, ஒவ்வொன்றிலும் அந்த அதிர்வுக் குமிழைக் கையாலேயே திருகி, தாளத்தோடு சேரவைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது தாளத்தை விட்டு விலகிவிடும். உடனே நிறுத்தி, நாடாவைப் பின்னால் ஓட்டி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும். துண்டு துண்டாகச் சேர்த்த நடுக்கம் அது. ஒரு கமகம் சரியாக விழவேண்டும் என்று என் குருநாதர் வர்ணத்தின் ஒரே வரியில் பதினைந்து நாள் என்னை உட்காரவைத்தது ஞாபகம் வந்தது.

அப்படி 1984-லிருந்து 1987 வரை நாலு ஆல்பம். மேனேஜர் என்று யாரும் நிலைக்காததால் வண்டி பிடிப்பதிலிருந்து கணக்குவழக்கு வரை பாதி அவர் தலையில்தான். குடியும் களைப்பும் சேர்ந்து உடம்பு விட்டுப்போயிருக்கிறது. இருபத்து மூன்று வயதில், குழு உச்சத்தில் இருந்தபோதே, போதும் என்று வெளியே வந்துவிட்டார். ஊரே ஏசியிருக்கிறது. குழுவை உடைத்தவன் என்ற பழி பல வருஷம் அவரோடு நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நாள் தொடவில்லை.

ஏனென்று உனக்குத் தெரியும். பொங்கலன்று நீ, "குழுவை விட்டு வந்துட்டேன், இப்ப ஒரு பாடகிக்கு வாசிக்கிறேம்மா" என்றாய். "எவளோ முதுகுக்குப் பின்னால் நிற்கவா அவ்வளவு தூரம் போனே?" என்றேன். நாற்பது வருஷம் மேடையில் பக்கவாட்டில் உட்கார்ந்து வயலின் வாசித்தவள் கேட்கிற கேள்வியா அது? அத்தோடு நிறுத்தினேனா? "ஆரம்பிச்சதை நடுவுல விட்டுட்டு வர்றது நம்ம வீட்டுப் பழக்கம் இல்லை" என்றும் சேர்த்துச் சொன்னேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய்.

வெளியே வந்தபிறகு அவர் போன இடங்களைப் பார். பிரிட்டெண்டர்ஸோடு கொஞ்ச நாள். டாக்கிங் ஹெட்ஸ் ஆல்பத்துக்கு வாசிப்பு. தி தி குழுவில் 1989, 1993-ல் இரண்டு ஆல்பம். பெர்னார்டு சம்னரோடு சேர்ந்து எலெக்ட்ரானிக் என்று முழுக்க வேறு பாணி. நாற்பது தாண்டியபிறகு அமெரிக்காவில் போர்ட்லண்டுக்குப் போய் மாடஸ்ட் மவுஸ் குழுவில் ஒருவராகச் சேர்கிறார். 2007-ல் அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். ஸ்மித்ஸ் குழுவுக்கே கிடைக்காதது, இன்னொருவர் குழுவில் பக்கத்தில் நின்றவருக்குக் கிடைத்திருக்கிறது. பிறகு கிரிப்ஸ் என்று மூன்று சகோதரர்களின் குழு. 2010-ல் ஹான்ஸ் ஸிம்மர் இசையமைத்த படத்துக்குப் பன்னிரண்டு தந்திக் கிட்டார். தன் பெயரை மட்டும் போட்டு முதல் ஆல்பம் வந்தபோது வயது நாற்பத்தொன்பது. ஒவ்வொரு இடத்திலும் அந்தந்தக் குழுவுக்கு ஏற்ற மாதிரிதான் வாசிக்கிறார், ஆனாலும் அவர் கை என்று எனக்கே இப்போது தெரிகிறது. பின்னால் ஒயாசிஸ் குழுவில் பேர் வாங்கிய நோயல் கேலகர் இளசாக இருந்தபோது அவருக்குத் தன் நல்ல கிட்டாரையே கொடுத்து, அது உடைந்தபோது இன்னொன்றையும் அனுப்பிவைத்தாராம். நீ உன் முதல் கிட்டாரைத் தெருமுனை வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது நான் உன்னைத் திட்டினேனே, அதுவும் ஞாபகம் வந்தது.

எதையும் எழுதி வாங்கிக்கொள், பாப்பா. எத்தனை கச்சேரி, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள். நட்புதானே என்று விடாதே. பதிவு செய்தால் உன் பெயர் வருமா என்று முதலிலேயே கேள். வெட்கப்படாதே. எழுதி வாங்கிக்கொள்.

இதைச் சொல்லக் காரணம் அந்த வழக்கு. ஸ்மித்ஸில் பாடகருக்கும் இவருக்கும் நூற்றுக்கு நாற்பது, நாற்பது. பேஸ்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும் பத்து, பத்து. ஒழுங்காக எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று இல்லை. பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க் இவருடைய பள்ளிக்கூடச் சினேகிதர். கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பத்துக்கே ஒப்புக்கொண்டார். டிரம்ஸ்காரர் நீதிமன்றம் போனார். வேறுவிதமாகப் பேசி ஒப்புக்கொண்டதாக நிரூபிக்க முடியாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சமபங்கு என்று 1890-லேயே சட்டம் இருக்கிறதாம். 1996-ல் நீதிபதி அவருக்கு இருபத்தைந்து என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

மிருதங்க மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை மடியில் போட்டுக்கொண்டு முதுகில் தகதிமி தட்டுவார். அவர் வராமல் நின்றபோது உனக்கு ஒன்பது வயது. "மாமா எங்கே?" என்று ஒரு வாரம் அழுதாய். "மாமா நம்மை நடுவழியில் விட்டுட்டுப் போயிட்டார்" என்று சொன்னேன். பெரியம்மாவும் அதையே சொன்னாள். இருபது வருஷமாக இந்த வீட்டில் அதுதான் கதை. உனக்கு ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்றால், "மாமா மாதிரி பண்ணிடாதே" என்பேன்.

அவர் விட்டுவிட்டுப் போகவில்லை, பாப்பா. சபாவில் ஐயாயிரம் கொடுத்தால் பாடின பெரியம்மாவுக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது, எனக்கு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது, அவருக்கு ஐநூறு. கவரைப் பிரித்து எண்ணியது நான்தான். பெரியம்மாவுக்குக் கணக்கே தெரியாது. அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்து வாங்கியதில்லை. 2004 வைகாசியில், அவர் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கவேண்டும் என்று, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல்முறையாகக் கேட்டார். "இனிமே கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்கம்மா" என்று, அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குடும்பமா பழகிட்டு இப்படிக் கணக்குக் கேக்கறீங்களே." காபியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். தம்ளரை அவர் அதற்குமுன் ஒருநாளும் கழுவி வைத்ததில்லை.

அதற்கப்புறம் பெரியம்மாவுக்கு யார் வாசித்தும் ஒத்துவரவில்லை. ஒரு வருஷத்தில் செட்டே கலைந்துவிட்டது. நான் ரேடியோ நிலையத்தோடு நிறுத்திக்கொண்டேன். பழியை மட்டும் அவர் பெயரில் எழுதி வைத்துவிட்டேன். அதையே கொண்டுவந்து பொங்கலன்று உன் தலையிலும் போட்டேன்.

போன வாரம் பழைய கச்சேரி டைரிகளை எடுத்து உட்கார்ந்தேன். 1996-லிருந்து 2004 வரை 92 கச்சேரி. மூன்றில் ஒரு பங்கு என்று போட்டால் அவருக்குச் சேரவேண்டியதில் 86,000 ரூபாய்க்கு மேல் எங்களிடம் நின்றிருக்கிறது. வட்டி போடவில்லை. போடத் தைரியம் வரவில்லை. உனக்கென்று எடுத்துவைத்திருந்ததிலிருந்து அந்தத் தொகையை எடுத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ கோபித்துக்கொண்டால் நியாயம்தான்.

மாமா இப்போது மணப்பாறையில் பெண் வீட்டில் இருக்கிறாராம். கை நடுங்குகிறதாம். ஆண்டி ரூர்க் 2023-ல் காலமாவதற்கு முந்தின வருஷம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மாருடைய மேடைக்கு வந்து பேஸ் வாசித்திருக்கிறார். வழக்கு, பங்கு எல்லாவற்றுக்கும் அப்புறம். இந்தச் செய்தியை லீட்ஸ் அண்ணன்தான் தேடிச் சொன்னான். அன்றைக்கே மணப்பாறை விலாசத்தை விசாரித்து வாங்கிவிட்டேன்.

நீ உன் குழுவிலிருந்து ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. நீ கொடுக்கவேண்டியது யாருக்காவது நின்றிருந்தால் மட்டும் கொடுத்துவிடு. உனக்கு வரவேண்டியது நின்றிருந்தால் கேள். இரண்டையும் எழுதி வை. அந்தப் பாடகிக்கு வாசிக்கிறாயே, பதிவு ஏதாவது இருந்தால் அனுப்பு. உன் கையைக் கண்டுபிடித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு மணப்பாறை போகிறேன். அவர் கதவைத் திறப்பாரோ என்னவோ. வயலினை நேற்று பெட்டியிலிருந்து எடுத்தேன். மேல் தந்தி அறுந்து கிடந்தது. மலைக்கோட்டைப் பக்கம் போய்ப் புதுத் தந்தி வாங்கிப் போட்டாயிற்று. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், பணத்தைக் கொடுத்துவிட்டு வாசிக்கவும் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகட்டுமா, வேண்டாமா? சனிக்கிழமைக்குள் நீயே போன் போட்டுச் சொல்லு. இதைத் தபாலில் போட்டால் நாள் ஆகும், அதனால் அப்பாவை விட்டு ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவர் படிக்கட்டும். அவருக்கும் இப்படித்தான் தெரியவேண்டும் போலிருக்கிறது.

ஒத்திகையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்.

உன்
அம்மா